மால்ஸைட் என்றால் சாப்பிட வா என்றல்ல

இங்கே ஜெர்மனியில் மதியமானால் எதிரே வருகிற ஆளெல்லாம் ‘மால்ஸைட்’ என்கிறார்கள். சாப்பாட்டு நேரம் என்று அர்த்தம். முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட வேலை செய்யும் பிர்கிட் அப்படிச் சொன்னதும், சாப்பிடத்தான் கூப்பிடுகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து அவள் டப்பாவில் கைவைத்துவிட்டேன். அவள் முழித்த முழி இருக்கிறதே! அது வெறும் வணக்கம் மாதிரியாம். சொல்லிவிட்டு அவரவர் ஜன்னலைப் பார்த்துத் தனியாகத் தின்பார்களாம். என்ன ஜனங்களோ!

கும்மிடிப்பூண்டியில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் செக்கிங் பார்த்தபோது, என் டப்பாவில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது. திறப்பதற்குள் அடுத்தவள் கை உள்ளே இருக்கும். நாங்கள் நாலு பேர். பழவேற்காட்டு மல்லிகா கொண்டுவரும் இறால் தொக்குக்காகவே நான் லீவு போட மாட்டேன். ஆட்கள் ஓடிவிடக் கூடாதென்று கம்பெனி ஆயுத பூஜைக்கு எவர்சில்வர் குடம் கொடுத்துப் பார்த்தது. எங்களை நிறுத்தி வைத்தது அந்தத் தொக்குதான். புதிதாக வந்த மேனேஜர், அரட்டை அதிகம் என்று எங்களை ஆளுக்கொரு ஷிப்டில் போட்டார். வருஷம் திரும்புவதற்குள் ஒருத்தி திருநின்றவூரில் மனை விற்கும் வேலைக்குப் போனாள், ஒருத்தி மணவாள நகரில் தையல் கடை போட்டாள், மல்லிகா மீன் வியாபாரத்துக்கே திரும்பினாள். நான் முதியோர் பராமரிப்பும் ஜெர்மனும் படிக்கப் போனேன். கிளம்பும்போது மேனேஜர், “இன்னாம்மா, சம்பளம் பத்தலையா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தொக்கு என்று சொன்னால் எந்த ஆபீஸில் எழுதிக்கொள்வார்கள்? கூட உட்கார்ந்து சாப்பிட ஆளில்லை என்ற நிஜக் காரணம் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

இங்கே ஒப்பந்தம் முடிந்ததும் கடம்பத்தூர் வீட்டுக்கே வந்துவிடுவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முடிய ஒரு மாதம் இருக்கையில், இல்லத்தின் நிர்வாகி சபீனா காபிக்குக் கூப்பிட்டு, என்ன நடந்தால் எங்களை விட்டுப் போவாய் என்று கேட்டாள். என் அரைகுறை ஜெர்மனில் அது ‘எப்போது போய்த் தொலைகிறாய்’ என்றுதான் காதில் விழுந்தது. போக நினைத்தவள் நான்தான். ஆனாலும் இவள் எப்படித் துரத்தலாம் என்று சுர்ரென்று கோபம் வந்தது. நான் என்ன தப்பு செய்தேன் என்று பிடித்துக்கொண்டேன். அவள் பதறிப்போய் விளக்கினாள். நீ இருக்க வேண்டும், அதற்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வியாம். எங்கள் ஊர்ப் பக்கம் ராஜினாமா கொடுத்த பிறகுதான் நம் முகத்தையே நிமிர்ந்து பார்ப்பார்கள். இந்த முறை உண்மையைச் சொன்னேன்.

“தனியாகச் சாப்பிட முடியவில்லை.”

அடுத்த வாரமே எங்கள் மாடியில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் இடைவேளை, ஒரே மேசை. பிர்கிட் டப்பாவைத் திறந்து, கொஞ்சம் யோசித்து, என் பக்கம் தள்ளினாள். உருளைக்கிழங்கு சாலட், உப்புமில்லை உறைப்புமில்லை. என் எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அவள் கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள். டிக்கெட் போட்டாயா என்று கேட்டாள்.

“சாப்டுக்கினு இருக்கேம்மா.”

“தனியாவா?”

“இல்லம்மா, கூட வேல செய்றவங்களோட.”



“அப்ப நீ வர மாட்ட,” என்றாள் அம்மா.

வாயில் இருந்ததை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.