ஆள்பவர்களுக்கான மன்றாட்டு

மஞ்சக்குட்டைக்கும் ஏற்காடு பஜாருக்கும் ஜீப் ஓட்டும் பிலவேந்திரன் எனக்குச் சித்தப்பா. கட்சிக்காரர், அதே அளவுக்குக் கோவில்காரர். வாரம் முழுக்க ஜீப்பில் ஏறுகிறவர்களிடம் அரசாங்கத்தைத் திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் மாதா கோவிலில் மைக் முன்னால் நின்று மன்றாட்டு வாசிப்பார். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வருவதில் அவருக்குச் சங்கடம் இருந்ததில்லை. "ஏசுவே ஏரோது ராசாவ நரின்னு சொன்னவருதானுங்க" என்பார்.

பூசையில் பிரசங்கம் முடிந்ததும் மன்றாட்டுகள் வரும். முதலாவது திருச்சபைக்காக, இரண்டாவது எப்போதும் நாட்டை ஆள்பவர்களுக்காக, பிறகு நோயாளிகள், இறந்தவர்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் சனங்கள் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்ல வேண்டும்.

சித்தப்பாவின் கட்சி ஒரு தேர்தலில் தோற்றது. அடுத்த ஞாயிறு இரண்டாவது மன்றாட்டை அவர் தன் சொந்த வார்த்தையில் போட்டார். ஏழை வயிற்றில் அடிக்கிற ஆட்சியாளர்கள், ரோடு போடாமலே போட்டதாகச் சொல்லும் ஆட்சியாளர்கள், இனியாவது மனந்திரும்ப வேண்டும் என்று குரலை ஏற்றிக்கொண்டே போய், மேடையில் நிறுத்துவது போல ஓர் இடத்தில் மூச்சு விட்டார். அந்த மாதம் முழுக்க அவருடைய பொதுக்கூட்டப் பேச்சைக் கேட்டுப் பழகியிருந்த எஸ்டேட் லயன் வீட்டு ஆட்கள் பின்வரிசையிலிருந்து கை தட்டிவிட்டார்கள். ஒருவர் விசிலும் அடித்தார். பதில் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பூசை முடிந்ததும் ஃபாதர் சொன்னது ஒன்றே ஒன்று: "பிலவேந்திரன், நீங்க ஆண்டவர்கிட்டப் பேசல. பின்னாடி உக்காந்திருந்தவங்ககிட்டப் பேசினீங்க."

மறுவாரம் மைக் எஸ்தாக்கிக்குப் போனது.

எஸ்தாக்கி சித்தப்பாவின் தங்கை கணவர். எஸ்டேட் களத்தில் காப்பிக்கொட்டை உலர்த்தும் வேலை. ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காத ரேடியோ போல ஒரு குரல். போதாததற்கு, ஜெயித்த கட்சியின் ஆள்.

அன்று தொடங்கியது எரிச்சல். சித்தப்பா பெஞ்சில் உட்காருவதை விட்டுவிட்டு வாசலோரம் நின்றே பூசை பார்த்தார். எஸ்தாக்கி எங்கே தடுக்குகிறார், எங்கே எழுத்தை விழுங்குகிறார் என்று கேட்டுக்கொண்டே நிற்பார். கிறிஸ்துமஸுக்குத் தங்கை கொடுத்தனுப்பிய அதிரசம் பிரிக்காமலே கிடந்தது. வெளிநாட்டில் இருக்கும் எனக்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தால், யாருக்கு என்னவோ என்றுதான் முதலில் தோன்றும். எடுத்தால் சித்தப்பா எஸ்தாக்கியைப் பற்றிப் பேசுவார்.

"அவனுக்கென்ன கண்ணு, ஆளறது அவங்க ஆளுங்க. சொந்த ஆளுக்கு செபம் பண்ண நோவுதா? ஆட்சி மாறட்டும். அன்னிக்கு அவன் மூஞ்சியப் பாக்கோணும்."

ஆட்சி மாற வேண்டும் என்பதற்கு முன்பெல்லாம் அவரிடம் எத்தனையோ காரணங்கள் இருந்தன. இப்போது இது ஒன்றுதான்.

ஆட்சி மாறியது. பஜாரில் வெடி வெடித்தது, ஜீப் ஸ்டாண்டில் லட்டு கொடுத்தார்கள். அந்த ஞாயிறு சித்தப்பா பல வருஷத்துக்குப் பிறகு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எஸ்தாக்கி வந்தார். "எங்களை ஆளப்போகும் புதிய தலைவர்களுக்காக மன்றாடுவோம். அவர்களுக்கு உடல் சுகமும் ஞானமும் இரக்கமும் தந்தருள வேண்டுமென்று" என்று அதே உடைந்த குரலில் வாசித்தார். வழக்கமாகத் தடுக்கும் இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

"கட்சி ஜெயிச்ச சந்தோசமே போயிருச்சு கண்ணு" என்றார் சித்தப்பா போனில்.

மறுநாள் எஸ்தாக்கி பையோடு ஜீப்பில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். வெள்ளக்கடை ஸ்டாப் வரைக்கும் சித்தப்பா கியரை மாற்றிக்கொண்டே வந்தார். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஏனுங்க மாப்ள, நேத்து மனசாரத்தான் கேட்டீங்களா?"

"மனசாரவா? டிவியத் தூக்கிப் போட்டு ஒடைக்கலாம்னு இருந்துச்சு. உங்க தங்கச்சியக் கேட்டுப் பாருங்க."

"அப்பறம் எப்படி வாயில வந்துச்சு?"

"உங்க ஆளுங்க நல்லபடியா இருந்தாத்தானுங்க மச்சான் எங்கூட்டுக்கும் ரேசன் அரிசி வரும்? எனக்கு நெஞ்சு எரியுதுன்னு அவங்களுக்கு நெஞ்சுவலி வரோணும்னு கேக்க முடியுமா? குடுன்னு கேட்டேன். குடுக்கறது அவரு பாடு. நாளைக்கே எங்க லயன்ல தண்ணி வரலைன்னா பஞ்சாயத்து ஆபீஸ் முன்னாடி வந்து உக்காருவேன். அப்பத் திட்டுவேன் பாருங்க, காது கூசும்."

பின்சீட்டிலிருந்து ஓர் அம்மா குரல் கொடுத்தார். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க டிரைவரு. ரெண்டு கட்சியும் சேந்து பள்ளத்துல போயிரும்."

எஸ்தாக்கி சிரித்தார். சித்தப்பாவால் முடியவில்லை. எஸ்தாக்கி மேல் குரலுக்காகவோ மைக்குக்காகவோ யாரும் பொறாமைப்பட்டிருக்க மாட்டார்கள். கோபத்தை வைத்துக்கொண்டே அந்த மனுஷனால் அவர்களுக்காகக் கேட்க முடிகிறதே, அதுதான் இப்போது சித்தப்பாவைத் தின்றது.

செப்டம்பரில் மாதா திருவிழா. ஃபாதர் கூப்பிட்டு, "இந்த வருஷம் மன்றாட்டு நீங்களே வாசிங்க" என்றார். கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர் மாதேஸ்வரனும் ஆட்களோடு வருவதாகச் சொல்லியிருந்தார். சித்தப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டில் வாசித்துப் பார்த்தார். சித்தி செபஸ்தியாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"தலைவருக்கு மாலை போடறாப்பல இருக்குதுங்க."

குரலைத் தாழ்த்தினார். "இப்ப?"

"இப்ப மாலைய மெதுவாப் போடறீங்க."

பத்திரிகை படிப்பது போலப் படித்தார். அப்போதும் 'தலைவர்கள்' என்ற சொல் வந்ததும் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. எதிரி ஆண்டபோது அந்த வரி அவர் வாயில் வசவாக இருந்தது. சொந்தக் கட்சி ஆள்கிறது, வாழ்த்தாகிவிட்டது. ஒரு தடவைகூட அது ஆண்டவரிடம் கேட்பதாக இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஃபாதரைப் பார்க்கப் போனார்.

"மத்ததெல்லாம் நான் படிக்கறேன் சாமி. ரெண்டாவத மட்டும் எஸ்தாக்கி படிக்கட்டும்."

செய்தி மாதேஸ்வரனுக்குப் போக ஒரு பகல் போதுமாக இருந்தது. ஜீப் ஸ்டாண்டிலேயே பிடித்துக்கொண்டார்.

"நம்ம ஆட்சிக்கு அவிங்க ஆளு செபம் பண்றானா? ஊர் சிரிக்காதுங்களா?"

"சிரிக்கட்டுங்க."

"நாலு வரி. அதப் படிக்கறதுக்கு என்ன உங்களுக்கு?"

"படிக்க வருதுங்க. கேக்கத்தான் வரல."

"கிளைப் பொறுப்புக்கு உங்க பேரத்தான் சொல்லியிருக்கேன். பாத்துக்குங்க."

சித்தப்பா வண்டியை எடுத்தார். அந்தப் பொறுப்புக்காக அவர் எத்தனை வருஷம் போஸ்டர் ஒட்டினார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நான் இருக்கும் நாட்டிலும் கோவிலில் ஆள்பவர்களுக்காக மன்றாடுகிறார்கள். எனக்கு இங்கே ஓட்டு இல்லை. விசா புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். அரசாங்கத்தைப் பற்றிப் பொதுவில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மன்றாட்டுக்கான பதிலைத் தடையின்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆள்பவர்களில் நான் மன்னித்தாக வேண்டியவர் யாரும் இல்லை. நாலு வரிக்காக இவ்வளவு பாடுபடும் சித்தப்பாவைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

திருவிழாப் பூசையைச் சித்தியின் போன் வழியாகப் பார்த்தேன். சித்தப்பா திருச்சபைக்காக வாசித்துவிட்டு விலகி நின்றார். எஸ்தாக்கி வந்து இரண்டாவதை வாசித்தார். நடு பெஞ்சில் மாதேஸ்வரன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சனங்கள் பதில் சொன்னார்கள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, சற்றுத் தாமதமாக, மைக் இல்லாத சித்தப்பாவின் குரல் தனியாகக் கேட்டது: "கேட்டருளும்."

சாயங்காலம் கூப்பிட்டேன்.

"எப்படி இருந்துச்சு சித்தப்பா?"

"எரிஞ்சுது கண்ணு" என்றார். "பாவி, நொம்ப நல்லாக் கேட்டுப்போட்டான்."