ஒரே நம்பர், மூன்று டயர்

டயரில் அச்சடித்திருக்கும் நம்பரை அப்படியே நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். பதினோராம் வகுப்பில் பட்ட பாடு அப்படி.

பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளில்தான் எங்கள் ஊரிலிருந்து திருச்சுழிக்குப் போய்வந்தேன். பள்ளி நேரத்துக்கு பஸ் கிடையாது. சைக்கிள் இல்லையென்றால் படிப்பும் இல்லை. சீமைக்கருவேல முள் குத்திக் குத்திப் பின்டயர் சல்லடையானபோது, அப்பா அருப்புக்கோட்டையில் புதிது வாங்கிவந்து வீட்டிலேயே மாட்டினார். பழையதில் இருந்த அதே நம்பர். அன்று நன்றாகத்தான் சுற்றியது. காற்றடித்தபடி ஒரு ராத்திரி முழுக்க நின்றதில் ரப்பர் பெருத்துவிட்டது. மறுநாள் பாதி வழியில், டயர் இரண்டு பக்கமும் சைக்கிளின் சட்டக் கம்பியில் உரசிச் சக்கரம் நின்றேவிட்டது. பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கித் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன்.

“நம்பர் சரியாத்தான இருக்கு? அப்ப சைக்கிள்தான் கோளாறு. ஓசியில வந்தது வேற எப்படி இருக்கும்? போதும், வீட்டுல இரு” என்றார் அப்பா. கோபப்படவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. முந்தின வாரம் முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்து, என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குடித்துவிட்டு, ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை நான் எங்கே யோசித்தேன்?

அத்தை அப்பாவின் தங்கை. புருஷன் வீடு சரிப்படாமல் வந்து எங்களோடு இருந்தாள். அருப்புக்கோட்டையில் விசைத்தறி வேலை. தறியில் இருக்கும்போது துணிக்கு ஓர் அகலம், அறுத்து இறக்கினால் வேறு அகலம். தினமும் அதைப் பார்க்கிறவள் நம்பருக்கெல்லாம் மயங்குவாளா? பின்சக்கரத்தைக் கழற்றினாள். ஓர் அட்டையை எடுத்து, சைக்கிளில் டயர் ஓட எவ்வளவு இடம் இருக்கிறதோ அந்த அகலத்துக்குப் பிளேடால் வாய் வெட்டினாள். டயர் பெருக்க இடம் வேண்டும் என்று இருபுறமும் ஒரு நெல் அளவு குறைத்தே வெட்டினாள்.

“அண்ணே, வாங்குனவுக நீங்க. நீங்க வந்தாத்தான் மாத்துவாக” என்று அப்பாவையும் கிளப்பினாள். அவள் மடியில் சக்கரம். மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

கடைக்கார பாய் நல்ல மனிதர். அதே நம்பர் போட்ட டயர் மூன்று கம்பெனிகளில் வைத்திருந்தார். எங்களுடையது அதில் ஒன்று. காற்றோடு இருந்த அதன்மேல் அத்தை அட்டையைச் செருகினாள். சிக்கிக்கொண்டது.

“நம்பர் ஒண்ணுதானம்மா. கம்பெனிக்காரன் பொய்யா அடிச்சிருப்பான்?”

“அடிச்சவன் வந்து இவளைப் பள்ளிக்கூடத்துல விடுவானா? அடுத்ததை மாட்டுங்க பாய்.”

“டயர் வாங்க வந்தியளா, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க வந்தியளா?”

“ஜாக்கெட்டுன்னா நானே பிரிச்சுத் தச்சிருவேன். டயரைப் பிரிச்சுத் தைக்க முடியுமா?”

பாய் சிரித்துவிட்டு இரண்டாவதை மாட்டினார். அதுவும் சிக்கியது. மூன்றாவதில் அட்டை வழுக்கிக்கொண்டு போனது. எனக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. நம்பர் ஒன்று, உடம்பு வேறு!

அதோடும் அவள் விடவில்லை. “காத்தோட சாயங்காலம் வரைக்கும் இங்கனயே கிடக்கட்டும்” என்று கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா இரண்டு முறை டீ குடித்துவிட்டு வந்தார். “சரி, போவம்” என்றார். அவள் அசையவில்லை. வெயில் தாழ்ந்ததும் எழுந்து மறுபடி அட்டையைச் செருகினாள். தடையில்லாமல் போனது.

அப்போதுதான் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். “பாத்துக்கங்க பாய்! சைக்கிள்ல ஒரு குத்தமும் இல்ல. நாளைக்கு முள்ளு குத்திருச்சு, செயின் கழண்டுருச்சுன்னு யாரு வந்து சொன்னாலும் நான் கேக்க மாட்டேன். இந்தப் பிள்ளை படிக்கத்தான் போவா!”

பாய் திகைத்துப் போனார். “நான் எங்கம்மா போக வேணாம்னேன்?”

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மானம் போனது. பாவம், நாள் முழுக்கப் பொறுமையாக இருந்த மனிதரிடம் இப்படியா கத்துவாள்?

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் இருந்தும் நான் உட்காரவில்லை. அப்பாவிடம் போய் ஒட்டிக்கொண்டேன். அன்று முழுக்க யாரிடமும் குரலை உயர்த்தாத ஒரே ஆள் அவர்தான் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.