சிரித்தால் அடிக்கிற மணி

டீயைக் குடித்து முடிப்பதற்குள்ளேயே கோப்பையை மேசைமேல் வைத்து, ஒற்றை விரலால் அதன் விளிம்பைத் தள்ளுகிறார். கோப்பை சாய்கிறது. இன்னும் கொஞ்சம் சாய்கிறது. மிச்ச டீ விளிம்புக்கு வந்து வெளியே எட்டிப் பார்க்கிறது. மேசை விரிப்பு என்னுடையது என்பதால் நான்தான் துடைக்கத் துணி தேடுகிறேன். கடைசி நொடியில் விரலை எடுத்துவிட்டு, "இவ்வளவுதான் சார் இதோட பொறுமை" என்கிறார். பிறகு எதுவும் நடக்காதது போல மிச்சத்தைக் குடிக்கிறார்.

கீழ் வீட்டுக்காரர். எங்கள் கட்டடத்தில் அவரை 'டிகிரி' என்றுதான் சொல்வோம். எந்தப் பொருளையும் அது நிற்கிற நிலையில் அவரால் நம்ப முடியாது. எத்தனை டிகிரி சாய்த்தால் விழும் என்று பார்த்தாக வேண்டும். அதற்கு அவர் வைத்திருக்கிற பெயர்தான் பொறுமை. என் நாற்காலிக்குப் பொறுமை அதிகம். என் புத்தக அலமாரி கோபக்காரன். "சுவத்தோட சேத்துக் கட்டிப் போடுங்க சார், என்னிக்காவது உங்கமேல பாயும்" என்று போன வருடமே எச்சரித்துவிட்டார். வீட்டுக்கார அம்மாளின் பூச்சாடியை ஒருநாள் சாய்த்துப் பார்த்தார். சாடியின் பொறுமையைச் சரியாகத்தான் கணித்தார். அந்த அம்மாளின் பொறுமையைக் கணிக்கத் தவறிவிட்டார். அன்று முதல் மாடிப்படியில் அவர் வந்தால் அந்த அம்மாள் சாடியைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.

தொழில் அப்படி. சாய்ந்தால் தானாக வேலை செய்கிற சுவிட்சுகளை வடிவமைக்கிறார். ஹீட்டர் கவிழ்ந்தால் தானாக அணைகிறதே, அதற்குள்ளே இவருடைய கைவேலை ஒன்று இருக்கலாம். பார்த்தால் மொச்சைக்கொட்டை அளவுதான். உள்ளே கிண்ணம் போன்ற ஒரு பள்ளம், அதில் ஒரு சின்ன உலோகக் குண்டு. நிமிர்ந்து நிற்கும்போது குண்டு பள்ளத்தில் உட்கார்ந்து இரண்டு கம்பிகளையும் தொட்டுக்கொண்டிருக்கும், மின்சாரம் ஓடும். சாய்த்தால் குண்டு பள்ளத்தை விட்டு ஏறி உருண்டுவிடும், மின்சாரம் நின்றுவிடும். முன்பெல்லாம் குண்டுக்குப் பதில் பாதரசம் இருந்ததாம். அது உடைந்தால் விஷம் என்று கைவிட்டுவிட்டார்கள்.

"அவ்வளவுதானா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அன்றைக்கு என் வேலை கெட்டது.

"அவ்வளவுதானான்னா? பள்ளம் ஆழமா இருந்தா, கவுந்தே கிடந்தாலும் குண்டு அசையாது. ஆழம் கம்மின்னா, பக்கத்துல யாராவது தும்முனாலே ஓடிடும். ஒரு தூசி உள்ள போனா போச்சு. உருண்ட குண்டு குதிக்கும், குதிச்சா விட்டு விட்டுத் தொடும். இத்தனையும் நான் யோசிக்கணும். குண்டு யோசிக்காது சார்."

சோதனையில் தேறாத குண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். படியேறும்போது கலகலவென்று சத்தம் கேட்கும். அவர் மனைவி அந்தச் சத்தம் கேட்டுத்தான் டீக்குத் தண்ணீர் வைக்கிறார். "என் பொறுமை எத்தனை டிகிரின்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து அளந்துக்கிட்டிருக்கார்" என்று மனைவி சொல்வதுண்டு. சொல்லும்போது முகத்தில் கோபம் இருக்காது.

அவர்களோடு டிகிரியின் மாமனார் இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நாள் முன்பு, இருவரும் வேலைக்குப் போயிருந்த பகல் நேரத்தில், சமையலறையில் தலைசுற்றி விழுந்துவிட்டார். மகள் வந்து கதவைத் திறக்கும் வரை எழுந்திருக்க முடியாமல் அங்கேயே கிடந்திருக்கிறார். நேர் மேலே நான் உட்கார்ந்து யாரோ எழுதிய புத்தகத்துக்கு அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் மனம் கூசுகிறது.

மகள் அழுதார். மருமகன் அழவில்லை, ஒரு பெட்டி செய்தார். இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்கிற சின்னப் பெட்டி. உள்ளே அதே குண்டு. மாமனார் சாய்ந்தால் மணி அடிக்கும். மணி என் வீட்டில், என் மேசைமேல். பகல் முழுக்க வீட்டில் இருக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

மணி அடித்தது. கையில் பேனாவோடு படியில் விழுந்தடித்து ஓடினேன். பெரியவர் செருப்பு மாட்டக் குனிந்திருந்தார். மறுபடி அடித்தது, மறுபடி ஓடினேன். சோபாவுக்கு அடியில் போன மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை எதற்கோ சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்லை தம்பி, நீங்க போய் வேலையப் பாருங்க" என்பார். தினமும் சாயங்காலம் டிகிரி பெட்டியைக் கழற்றி, பள்ளத்தைக் கொஞ்சம் ஆழமாக்குவார். ஒரு கட்டத்தில் மணி சுத்தமாக நின்றது. நாள் கணக்காகச் சத்தமே இல்லை. டிகிரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, "பாத்தீங்களா சார், இப்ப சரியான கோணம்" என்றார்.

கூடவே வந்த மனைவி மெதுவாகத்தான் சொன்னார்: "கோணமும் இல்லை, ஒண்ணும் இல்லை. அப்பா சிரிக்கறதை நிறுத்திட்டாரு."

பெரியவர் சிரித்தால் இடுப்பு வரை மடிந்துவிடுவார். நெற்றி முழங்காலைத் தொடும், தொடையில் பளார் பளாரென்று அடித்துக்கொள்வார். பஸ்ஸில் பார்த்த ஜனங்களைப் பற்றி அவரே சொல்லி, அவரே சிரிக்கிற சத்தம் என் அறைக்குக் கேட்கும். கேட்டு எத்தனையோ நாள் ஆகிறது என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"சிரிச்சா போதும், மணி அடிச்சு மாடியிலேருந்து ஆள் ஓடி வருது, அசிங்கமா இருக்குங்கறாரு. பழைய வீட்டுக்கே போறேன்னு சூட்கேஸ் அடுக்கியாச்சு. ஞாயித்துக்கிழமை கிளம்பறாராம். அங்க தனியா விழுந்தா யாருங்க பாக்கறது?"

டிகிரி அன்று கோப்பையைத் தொடவில்லை. டீ ஆறிப்போனது. "விழுந்தவர் எந்திரிக்க மாட்டார். சிரிக்கறவர் எந்திரிச்சிடுவார். நடுவுல கொஞ்சம் காத்திருந்துட்டு மணி அடிச்சா போதும்" என்றார்.

"அஞ்சு நிமிஷம் வெச்சிடுங்களேன்" என்றேன்.

"அடுப்பு எரியும்போது விழுந்தா அஞ்சு நிமிஷம் ஜாஸ்தி சார். அவர் சிரிப்பு எவ்வளவு நீளம்னு தெரியணும். அதுக்கு மேல ஒரு நொடி கூட வெக்க மாட்டேன்."

ஆக, சிரிப்பை அளக்க வேண்டும். அதற்கு அவர் சிரிக்க வேண்டும். டிகிரி கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு மாமனாருக்கு ஜோக் சொல்ல ஆரம்பித்தார். ஜென்மத்தில் ஜோக் சொல்லாத மனிதர். முடிவை முதலில் சொல்லிவிட்டு, அது எப்படி அப்படி முடிந்தது என்று விளக்கினார். பெரியவர் கவலையோடு, "மாப்பிள்ளை, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். டிவியில் நகைச்சுவைக் காட்சி போட்டால் செய்தி கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். இடுப்பில் பெட்டி இருக்கும் வரை அவர் மசிவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வழியனுப்பப் போனேன். வாசலருகே சூட்கேஸ் நின்றது. டிகிரி கூடத்தில் மெத்தையை விரித்து, பெல்ட்டை மாமனாரிடமிருந்து வாங்கித் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போங்க மாமா. இப்போதைக்கு ஒரு குத்துமதிப்பா காத்திருந்துதான் அடிக்கும். நான் விழுந்து காட்டறேன்."

கைகளை ஒட்டவைத்துக்கொண்டு மெத்தையை நோக்கிச் சாய்ந்தார். கால் தானாக முன்னால் வந்து ஊன்றிக்கொண்டது. மறுபடி சாய்ந்தார், மறுபடி ஊன்றினார். வாழ்நாள் முழுவதும் மற்றதெல்லாம் எப்போது விழும் என்று கணக்குப் போட்டவருக்குத் தனக்கு விழ வரவில்லை.

"முழங்காலை விடுங்க மாப்பிள்ளை" என்றார் பெரியவர், சோபாவிலிருந்து.

"விட்டுத்தான் பாக்கறேன் மாமா."

"கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க. பஸ்ஸுல நின்னுக்கிட்டே தூங்கறவன் எவ்வளவு அழகா விழுவான் தெரியுமா."

டிகிரிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓடிவந்து விழுவதென்று பின்னால் நகர்ந்தவர், சூட்கேஸில் கால் தட்டி, மெத்தை இல்லாத இடமாகப் பார்த்து, பொத்தென்று உட்கார்ந்தார். கால் இரண்டும் நீட்டி, முதுகு கொஞ்சமும் வளையாமல், படம் எடுக்க உட்கார்த்திவைத்த குழந்தை மாதிரி. மாடியில் என் மேசைமேல் மணி அடிக்கிற சத்தத்துக்காக எல்லோரும் காத்திருந்தோம். குனிந்து இடுப்பைப் பார்த்தார். பெட்டி நேராக நின்றது.

"அடிக்கலையே" என்றார், மனம் நொந்துபோய்.

பெரியவரின் தோள் முதலில் குலுங்கியது. அப்புறம் மடிந்தார். நெற்றி முழங்காலுக்குப் போனது, தொடையில் அடி விழுந்தது. கை கொடுத்துத் தூக்கிவிடலாம் என்று எழுந்து வந்தவர், கிட்டே வந்து மருமகனின் முகத்தைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே மறுபடி மடிந்தார். மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எந்திரிங்க, அடிபட்டிருக்கா பாக்கணும்" என்றார். டிகிரி பேசாதே என்று சைகை காட்டிவிட்டு, ஒரு கையால் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு மறுகையால் ஸ்டாப்வாட்சை அமுக்கினார்.

சிரிப்பு அடங்குவது போல் இருந்தது. கட்டைவிரல் பொத்தானுக்குப் போயிற்று. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த மெத்தையைப் பார்த்தார். மறுபடி தொடங்கிவிட்டார். டிகிரி கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, தரையைவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.