விமானத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகப் போலீஸ் வந்தது, நான் வேலை பார்த்த லேத் பட்டறைக்கு விமான வேலை கிடைத்தபோதுதான். பெரம்பலூரிலிருந்து சென்னை போகிற ரோட்டில், ரஞ்சன்குடிக் கோட்டைக்கு இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பட்டறை. ஆறு மெஷின், ஒன்பது ஆள். டிப்ளமோ படித்துவிட்டு நான் அங்கே இன்ஸ்பெக்டராகச் சேர்ந்திருந்தேன். செய்து முடித்த சாமான் வரைபடத்தில் இருக்கிற அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் தெரு ஆண்களில் பாதிப் பேர் வளைகுடா நாடுகளில். என் அண்ணன்கள் இரண்டு பேரும் ரியாத்தில் இருந்தார்கள். ராணுவ வேலை என்பதால் ஆளைப் பற்றி விசாரிக்க வந்த போலீஸ்காரர் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வூட்ல எத்தன பேரு வெளிநாட்டுல?" என்று கேட்டார்.

"இங்க எத்தன பேரு இருக்கோம்னு கேளுங்க சார், சீக்கிரமா எழுதி முடிச்சிடலாம்" என்றார் அத்தா, என் தகப்பனார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். உள்ளே கதவோரம் நின்றிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன்கள் யாரோடு தங்கியிருக்கிறார்கள், எப்போது போன் பண்ணுவார்கள், கடைசியாக எப்போது ஊருக்கு வந்தார்கள், எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். பட்டறையில் மற்றவர்கள் வீட்டுக்கும் போலீஸ் போனது. லேத் ஓட்டுகிற அண்ணன் தா.பழூர்க்காரர். அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்திருந்த சமயம் அது. அவருடைய விசாரணைக் காகிதம் எந்த ஆபீசில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் இரண்டு மாதம் அலைந்தது. ஆனாலும் அவர் வீட்டுக்குப் போலீஸ் போனது ஒரே ஒரு தடவை. எங்கள் வீட்டுக்கு மூன்று தடவை வந்தார்கள்.

"உனக்கு எதுக்குடி இந்த ஏரோப்ளேன் வேல? நம்ம குடும்பம் ஏரோப்ளேன்ல ஏறுனா பத்தாதா, செய்ய வேற செய்யணுமா?" என்று அம்மா நச்சரித்தது. நான் காதில் வாங்கவில்லை. எனக்கு அந்த வேலை மேல் அப்படி ஒரு வெறி.

பெங்களூரிலிருந்து மத்திய அரசு ஆராய்ச்சிக் கூடத்து அதிகாரி ஒருவர் வந்தார். தமிழர்தான். அவரோடு ஒரு பெரிய தனியார் கம்பெனியிலிருந்து இரண்டு பேர். முதலாளி வாடகை நாற்காலி போட்டு, எங்கள் எல்லோரையும் உட்காரவைத்தார். இருபது வருஷம் கழித்துப் பறக்கப்போகிற போர் விமானத்துக்கு இப்போதே வேலை ஆரம்பித்திருக்கிறது, அரசாங்கம் மட்டும் தனியாக எல்லாவற்றையும் செய்த காலம் போய்விட்டது, பெரிய கம்பெனி, அதற்குக் கீழே இந்த மாதிரி சின்னப் பட்டறை எல்லாம் சேர்ந்துதான் செய்யப்போகிறோம் என்று அதிகாரி பேசினார். தனியாகக் கூப்பிட்டு என்னிடம் ஒரு போன் நம்பர் கொடுத்தார். "அளவுல ஏதாச்சும் சந்தேகம்னா என்கிட்டயே நேரா கேளுங்கம்மா" என்றார். அன்றைக்கு பஸ்சில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனதுகூடத் தெரியவில்லை எனக்கு.

நாங்கள் செய்யவேண்டியது பன்னிரண்டு உருக்குத் துண்டுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கையில் அடங்கும். இறக்கை ஓரத்துப் பலகையை மேலும் கீழும் அசைக்கிற எண்ணெய் இதற்குள் ஓடவேண்டும். அதற்காக ஒவ்வொன்றிலும் ஊசி மாதிரி நாலு துளை. ஒரு தூசி உள்ளே போனாலும் எண்ணெய் நின்றுவிடும். எண்ணெய் நின்றால் பலகை அசையாது. அப்புறம் மேலே இருக்கிற ஆளின் கதி என்ன என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. மூன்று மாதம் மாரடித்து, பதிமூன்று செய்தோம். ஒன்று அளவில் தேறவில்லை. பன்னிரண்டைக் கழுவி, ஊதி, எண்ணெயில் முக்கி, பெட்டியில் வைத்து, "சுத்தம் செய்து சோதிக்கப்பட்டது" என்று சான்றிதழில் கையெழுத்தும் போட்டேன். வண்டி ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வருவதாக இருந்தது.

ஆயுத பூஜையன்று எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். அவரவர் மெஷினுக்கு அவரவர்தான் பொட்டு வைக்கவேண்டும். எனக்கு மெஷின் கிடையாது, அளவுக் கருவிப் பெட்டிதான். நான் சேர்ந்த முதல் வருஷமே முதலாளி சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "ஒம் மெஷினு இதாம்மா, வையி" என்றுவிட்டார். நானும் வைத்தேன். வீட்டில் சொன்னபோது அம்மா, "மனசுல இருக்கறது அல்லாவுக்குத் தெரியும், கையக் கழுவிட்டு சாப்புட வா" என்றது. அதோடு சரி. ஒவ்வொரு வருஷமும் பொரி, கடலை, சுண்டல் என்று ஒரு பை நிறைய எங்கள் வீட்டுக்குப் போகும்.

அந்த வருஷம் முதலாளி மூடின பெட்டியைத் திறந்து, பன்னிரண்டையும் எடுத்து வாழையிலையில் வரிசையாக அடுக்கினார். தேறாத பதிமூன்றாவதையும் பக்கத்தில் வைத்தார்.

"சார், பேக் பண்ணியாச்சு சார்" என்றேன்.

"வானத்துல போற சாமான். பூஜ போடாம அனுப்புனா மனசு கேக்குமாம்மா? நீ பாத்து பாஸ் பண்ணுன பீஸு. நீயே வையி."

எனக்கும் மனசு கேட்கவில்லை என்பதுதான் நிஜம். அவர் மேல் பழிபோட மாட்டேன். ஆசை ஆசையாகத்தான் வைத்தேன். ஒவ்வொன்றின் முகப்பிலும் நட்டநடுவே சந்தனம், அதன் மேல் குங்குமம். பதிமூன்று பொட்டு. தா.பழூர் அண்ணன் சூடம் காட்டினார். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மறுபடி எண்ணெயில் முக்கிப் பெட்டியில் வைத்தோம். துளைக்குள் காற்று ஊதவில்லை. கம்ப்ரஸருக்கும் அன்றைக்கு மாலை போட்டிருந்தது. பூஜை போட்டதை அன்றைக்கே ஓட்டக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. விடுமுறை முடிந்ததும் வண்டி வந்தது, பெட்டி போய்விட்டது.

அதற்கு ஒரு வாரம் கழித்து, வேறு ஏதோ வேலைக்காக, அந்தப் பதிமூன்றாவது துண்டை எடுத்துத் துளை அளக்கும் ஊசியை உள்ளே விட்டேன். போகவில்லை. பூஜைக்கு முன்னால் போன ஊசி. கம்பியை விட்டுக் குடைந்தால், காய்ந்த சந்தனத்தோடு சிவப்பாக ஒரு கட்டி உதிர்ந்து என் கையில் விழுந்தது. முகப்பின் நட்டநடுவேதான் முதல் துளை இருந்தது. பொட்டு வைக்கத் தோதான இடம் என்று அந்தத் துளை மேலேயே வைத்து அழுத்தியிருக்கிறேன், பதிமூன்றிலும்!

முதலாளியிடம் ஓடினேன். அவர் அந்தக் கட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அனுப்புனதெல்லாம் எண்ணெயில ஊறிக் கரைஞ்சிருக்கும்மா."

"இதுவும் எண்ணெயிலதான சார் முக்குனோம். இது கரையலயே."

"வாயத் தொறக்காத. பட்டறயவே மூடிருவானுங்க. அதுவும் நீ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "அதுவும் நான்னா என்ன சார்?" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் கீச்சென்று ஆகிவிடும். அவர் "ஒண்ணுமில்ல, போயி வேலையப் பாரு" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் முடிக்காத வாக்கியத்தை நான் பத்து நாள் முடித்துக்கொண்டிருந்தேன். யார் வைத்தது? இந்தப் பெண். எந்த ஊர்? அண்ணன்கள் எங்கே? வேண்டுமென்றே அடைத்தாயா, யார் சொல்லி அடைத்தாய்? பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லி, என் பதிலை நானே நம்பாமல் போனேன். நான் குங்குமம் வைத்தேன் என்று சொன்னால் எவன் நம்புவான்? ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கையிலிருக்கிற கருவி நழுவியது. பட்டறையில் போன் மணி அடித்தால் பாத்ரூம் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

நான் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைப்பதைப் பார்த்த அம்மா, ஒருநாள் சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யாருடி அவன்?" என்றது.

"ஒருத்தன் இல்ல, பன்னெண்டு பேரு!" என்று கத்திவிட்டேன். அம்மா வாயில் துப்பட்டியை வைத்துக்கொண்டு அத்தாவைத் தேடிப் போனது. அன்றைக்கே மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

அப்புறம் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வந்தது. வடக்கே எங்கோ பயிற்சிக்குப் போன போர் விமானம் ஒன்று வயலில் விழுந்து, ஓட்டினவர் இறந்துவிட்டார். பழைய விமானம். எங்கள் துண்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்க முடியாது என்று என் படிப்பு சொன்னது. இருந்தாலும் இறந்தவரின் வயசைப் படித்துவிட்டேன். என் சின்ன அண்ணன் வயசு. பயம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் இழுத்தது. சொன்னால் நான் மாட்டுவேன். சொல்லாவிட்டால் யாரோ ஒருத்தன் விழுவான்.

மத்தியான சாப்பாட்டு நேரத்தில் டவுன் பஸ் பிடித்துப் பெரம்பலூர் வந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் அதிகாரி கொடுத்த நம்பரைச் சுழற்றினேன். கதவைச் சாத்தியும் வெளியே நிற்கிறவருக்குக் கேட்டுவிடுமோ என்று துப்பட்டியால் ரிசீவரை மூடிக்கொண்டு பேசினேன். பேரைச் சொன்னேன். துளையில் சந்தனமும் குங்குமமும் இருக்கலாம் என்றேன்.

"குங்குமமா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க சார். ஆயுத பூஜைக்கு வச்சது."

"யாரு வச்சா?"

"நான்தாங்க சார்."

"நாங்க திரும்பக் கழுவித்தான் மாட்டுவோம். ஆனா உங்க சர்டிபிகேட்ட நம்பி ஒண்ண அப்படியே மாட்டிட்டோம். இருங்க, ஓட்டாதீங்கன்னு சொல்லிட்டு வரேன்" என்று ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு ஓடினார். அவர் ஓடுகிற செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குமேல் நிற்க முடியாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் அவரே பட்டறைக்கு வந்தார், கையில் அந்தப் பெட்டியோடு. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், போன் பண்ணினது நான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது புரிந்தது. ஐந்து துண்டில் அடைப்பு இருந்ததாம். மாட்டின துண்டிலும் இருந்ததாம். ஓட்டுவதற்கு முன்னால் கழற்றிவிட்டார்களாம்.

"மாட்டுனது பிளேன்லயா சார்?" என்று கேட்டேன்.

"பிளேனா? அது இன்னும் பேப்பர்லதாம்மா இருக்கு. இது ரூமுக்குள்ள இரும்பு மேஜ மேல வச்சு ஓட்டிப் பாக்குற மெஷின். ஓட்டியிருந்தா ரெண்டு வருஷ உழைப்பு போயிருக்கும். ஆளுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

அட பாவி மனுஷா, இதைப் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! இருபது வருஷம் கழித்து என்று அவர் முதல் நாளே சொன்னது பயத்தில் மறந்துபோய், இல்லாத விமானத்திலிருந்து ஒருத்தரைத் தினம் தினம் விழவைத்து அழுதிருக்கிறேன் நான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வேலை எங்களிடமே இருக்கும், இனிமேல் பெட்டி மூடினபின் யாரும் தொடக்கூடாது என்று அவர் சொன்னதும், முதலாளி கும்பிட்டுவிட்டு டீ சொல்லப் போனார்.

அதிகாரி அறிக்கை எழுத உட்கார்ந்தார். எதிரில் நான் மட்டும்தான் இருந்தேன். நடந்தது ஒவ்வொன்றையும் கேட்டு எழுதினார். பொட்டு வைத்த இடம் வந்ததும் பேனா நின்றது.

"என் பேரு எழுதணும்ல சார்?" என்றேன். எழுதட்டும் என்றுதான் இருந்தேன். பத்து நாள் பயந்து முடித்தாயிற்று, இனி என்ன என்று ஒரு தைரியம்.

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேணாம்மா. நான் உங்கள நம்புறேன். ஆனா இது மேல எத்தனையோ டேபிளுக்குப் போகும். உங்க பேரப் பாத்தாங்கன்னா, அதுக்கப்புறம் எழுதியிருக்கற எதையும் படிக்க மாட்டாங்க."

அவர் நல்ல மனுஷர். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அதனால்தான் அதைத் தாங்க முடியவில்லை எனக்கு. இதெல்லாம் என் மனப்பிராந்தி, படித்தவர்கள் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள் என்று அந்தப் பத்து நாளும் எனக்கு நானே சொல்லிச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். நான் பயந்தது அத்தனையும் சரிதான் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

"பட்டறை ஊழியர் ஒருவர்" என்று எழுதி, முழுவதையும் என்னிடம் படிக்கக் கொடுத்தார். துளையின் அளவு, சந்தனம், குங்குமம், துடைத்த துணி வரைக்கும் இருந்தது. அளவு பார்த்துப் பழகின கண்ணால் இரண்டு தடவை படித்தேன். ஒரு தப்பும் இல்லை. "சரிங்க சார்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.