கடைசி லயத்துக்குப் போன குழாய்

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கொரகொரப்பை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது. பெட்டியின் மேல் கோபமில்லை. பாவம், அது வாயில்லாத சாமான். கோபமெல்லாம் மனிதர்கள் மேல். அதில் நானும் ஒருவன்.

முப்பதுகளின் கடைசி. மலாயாவில் லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில், ரப்பர் ஷீட் உருட்டும் ஆலையில் நான் இஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தேன். மாரியம்மன் திருவிழாவுக்கென்று கோயில் கமிட்டி சிங்கப்பூரிலிருந்து ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை வாங்கி வந்தது. விளம்பர வண்டியில் ஊரெல்லாம் சுற்றி ஓய்ந்துபோன பெட்டி. லாரி பாட்டரியில் ஓடும். உள்ளே நாலு வால்வு, கூட ஒரு மைக், இரண்டு குழாய் ஒலிபெருக்கி. தோட்டத்தில் இஞ்சின் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் பெட்டி என் தலையில் விழுந்தது.

குழாய் இரண்டு என்றதும் எனக்கு ஒரு யோசனை. எங்கள் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் கடைசி லயம் தாழ்ந்த சாதியென்று ஒதுக்கப்பட்டவர்களுடையது; அந்த லயத்துக்காரர்கள் கோயிலுக்குள் வரக்கூடாது. கோயிலுக்கு முன்னால் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதற்கு அப்பால், தண்ணீர் ஓடும் கானோரம்தான் அவர்களுக்கு இடம். பால் வெட்டும்போது ஒரே காடு, ஒரே நிரை, ஒரே மழை. சாமி கும்பிடும்போது மட்டும் கயிறு. கயிற்றுக்கு உள்ளே நிற்க உரிமையுள்ள ஆள் நான். அதை ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை. குழாயைப் பார்த்த பிறகுதான், உடம்புதானே உள்ளே வரக்கூடாது, பாட்டு வெளியே போகலாமே என்று தோன்றியது. கமிட்டியிடம் கேட்டேன். தலைவராக இருந்த பெரிய கங்காணி தாடையைச் சொறிந்துகொண்டு, "சரி, வச்சுக்க. சத்தம் மட்டும் கெட்டுச்சுன்னா எறக்கிடணும்" என்றார்.

கடைசி லயத்தில் ஒரு பால் வெட்டுக்காரர் இருந்தார். அவர்தான் மூங்கில் வெட்டி வந்து, லயத்து முன்னால் குழி தோண்டி நட்டு, குழாயைக் கட்டினார். கோயிலிலிருந்து அங்கே கம்பி இழுக்க என்கூடவே வந்தார்.

"பாட்டு முழுசா கேக்குமாண்ணே? போன வருசம் காத்து அடிச்சப்ப பாதி, அடிக்காதப்ப ஒண்ணுமே இல்ல."

"ஒரு எழுத்து விடாம கேக்கும்" என்றேன்.

திருவிழா அன்று காலை, மூவாரிலிருந்து வந்த பாட்டுக்காரர் மைக் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்தார். குழாயிலிருந்து வந்தது பாட்டில்லை. கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு பொரிச்சல், நடுநடுவே பன்றி உறுமுகிற மாதிரி ஒரு கொரகொரப்பு. பிள்ளைகள் சிரித்தார்கள். பாட்டுக்காரர் என்னை முறைத்தார்.

பெரிய கங்காணி எழுந்து வந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை. நேராகக் கடைசி லயத்துப் பக்கம் கையை நீட்டினார்.

"நான் அப்பவே நெனச்சேன். அங்க தொட்ட கம்பி இங்க வந்து பெட்டில சேருது. தீட்டு சும்மா விடுமா? மொதல்ல அதப் புடுங்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கம்பியில் ஓடுவது கரண்டு. அதற்கு யார் எந்த லயம் என்று தெரியுமா? வாதம் பண்ணாமல் அந்தக் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றிக் காட்டினேன். கொரகொரப்பு அப்படியே இருந்தது.

"பாத்தீங்களா கங்காணிய்யா? கழட்டியாச்சு. இன்னும் கத்துது."

"ஒட்டுனது ஒடனே போயிடுமா? கொஞ்ச நேரம் ஆவும்" என்றார். இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது?

பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினேன். பாட்டரி முனைகளை உப்புத்தாளால் தேய்த்தேன். சத்தம் போகவில்லை. வால்வு ஒவ்வொன்றையும் பென்சிலால் தட்டிப் பார்த்தேன். எதுவும் ஆடவில்லை. கடைசியில் மைக்கின் கம்பியை உருவினேன். பெட்டி சட்டென்று ஊமையாகிவிட்டது. ஆக, குற்றம் மைக்கில்தான்.

மைக்கைக் கையில் எடுத்ததும் கோயிலில் பூசை செய்யும் பண்டாரம் பதறினார். "பூசை போட்ட சாமானய்யா, தொறக்காத!" நான் கேட்கவில்லை. முன்மூடியைத் திருகிக் கழற்றினேன். காலையில் புதுச் சாமானென்று அதற்குப் பூசை போட்டிருக்கிறார்கள். வலைமேல் அப்பிய சந்தனமும் குங்குமமும், தெளித்த மஞ்சள் தண்ணீரில் கரைந்து உள்ளே இறங்கிச் சேறாகிக் கிடந்தன. தீட்டுக் கழிக்கத் தெளித்த தண்ணீர்தான் பெட்டியின் தொண்டையை அடைத்திருக்கிறது. கடைசி லயத்துக்காரர் ஒருவர்கூட அந்த மைக்கின் பக்கத்தில் வந்ததில்லை.

வேட்டி முனையால் துடைத்தேன். உள்ளே குரலை வாங்கும் கரித்தூள் சிமிழை வெயிலிலும் பெட்டியின் சூட்டிலும் மாற்றி மாற்றிக் காயவைத்து, விரலால் தட்டிக் கட்டியை உதிர்த்து, திரும்பப் பூட்டினேன். பாட்டுக்காரர் பாடினார். மணி அடித்த மாதிரி இருந்தது.

"அந்தக் கம்பியக் கழட்டுனதும் எப்படி சுத்தமாயிடுச்சு பாருங்க!" என்றார் பெரிய கங்காணி. சுற்றி நின்ற கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள்.

அலமாக், இதென்ன கூத்து! மஞ்சள் சேறு படிந்த என் வேட்டி முனையை அவர் மூக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. உடனே ஒரு வேலை செய்தேன். பெட்டிக்குப் பின்னால் குனிந்து, கழற்றி வைத்த கம்பியை யாருக்கும் தெரியாமல் மறுபடி மாட்டினேன். சத்தம் துளிகூடக் கெடவில்லை. பாட்டு கடைசி லயத்துக்குப் போனது. பகல் பூசை வரைக்கும் நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், உன் பாட்டை அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று.

பூசை முடிந்ததும் பெரிய கங்காணி மைக்கைப் பிடித்தார். வந்தவர்களுக்கும் பாட்டுக்காரருக்கும் நன்றி சொன்னார். அப்புறம் சொன்னார்: "காலைல ஒரு தடங்கல் வந்துச்சு. சேரக்கூடாதது சேந்தா ஆத்தாளுக்கே பொறுக்காது. அந்த லயத்துக் கம்பிய அறுத்துவிட்டோம். இப்ப கேளுங்க, எவ்வளவு சுத்தமா இருக்குன்னு!"

சனங்கள் கைதட்டினார்கள். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். கம்பி மாட்டித்தானே இருக்கிறது, ஏமாந்த மனுஷா என்று. அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பி மாட்டித்தான் இருக்கிறது. கம்பியைப் பிடுங்கக் கையை நீட்டினேன். பேச்சு முடிந்துவிட்டது.

மறுநாள் காலை, பால் நிறுத்துக்கொடுத்த கையோடு அந்த வெட்டுக்காரர் ஆலைக்கு வந்தார். தோளில் குழாய். கம்பியை அழகாக வட்டம் வட்டமாகச் சுருட்டியிருந்தார். குழாயைத் துடைத்து வேறு வைத்திருந்தார். நானே வந்து இறக்கியிருப்பேனே என்றேன். அவர் குழாயை இஞ்சின் பக்கத்தில் இறக்கி வைத்தார். முந்தின நாள் காலையில் நடந்ததையெல்லாம், சந்தனம், மஞ்சள் தண்ணி, திரும்ப மாட்டியது எல்லாவற்றையும் மளமளவென்று கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொன்ன மாதிரியே ஒரு எழுத்து விடாம கேட்டுச்சுண்ணே" என்றார். "பாட்டும் கேட்டுச்சு. அவரு பேசுனதும் கேட்டுச்சு. பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாம் குழாய்க்கு அடியிலதான் ஒக்காந்திருந்தோம். ஒரு கொரகொரப்பு இல்ல."