லாஞ்ச் ஸ்டியரிங் இறுகியபோது என்னைக் காப்பாற்றியவர்கள்

மோட்டார் படகுக்காரர்கள் இன்ஜின் நின்றுபோனால் கடலைத் திட்டுவார்கள். ஸ்டியரிங் இறுகிப்போனால் மெக்கானிக்கைத் திட்டுவார்கள். நான் அந்த இரண்டாவது ரகத் திட்டு வாங்கியவன். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் பம்பாய்த் துறைமுகத்தில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகும் லாஞ்ச் ஒன்றில் எனக்கு வேலை. குடியிருப்பு தாராவியில். கையில் ஸ்பானர் பிடித்துப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. படகில் சக்கரம் முன்னால் இருக்கும், படகைத் திருப்பும் சுக்கான் பின்னால் இருக்கும். நடுவே படகின் இரண்டு ஓரத்திலும் இரண்டையும் இணைக்கும் இரும்பு வடம் கப்பிகள் மேல் ஓடும். அந்த ஓட்டத்தில் எங்கே தடங்கல் வந்தாலும் சக்கரம் திரும்பாது.

முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, "சக்கரம் மலை மாதிரி கனக்குது, பாரு" என்று விட்டுவிட்டார்கள். நான் சக்கரத்தைக் கழற்றினேன். அதன் பின்னால் இருந்த சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். பல் பல்லாகத் தேய்த்து மாட்டினால், கனம் அப்படியே இருந்தது. மறுபடி கழற்றினேன். மத்தியானம் ஆகிவிட்டது. மேஸ்திரி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். சேர்ந்த அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் கழற்றினேன்.

லாஞ்ச் ஆட்களுக்குச் சமைத்துப் போட்டவர் சுடலைமுத்து அண்ணாச்சி, எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் கரண்டியும் கையுமாக வந்து மேஸ்திரி காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னார்: "ஏல தம்பி, நானும் காலையிலேருந்து கேப்பமா வேண்டாமான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். பின்னால அந்தக் கம்பி மேல என் வெங்காய மூட்டை கெடக்குல்லா, அதை எடுக்கணுமோ?"

காக்காய்க் கூட்டம்

யுத்தத்தில் கிரீஸ் கிடைக்காமல் போயிற்று. உப்புக் காற்றில் கப்பிகள் ஒரே வாரத்தில் துருப்பிடித்துக் கிரீச்சிட்டன. தாராவியில் எனக்கு அடுத்த வீட்டு காசிம் பாய் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்தார். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, மறுநாள் ஒரு டப்பா நிறைய ஆட்டுக் கொழுப்பை உருக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்சம் பென்சில் கரியைப் பொடித்துக் கலந்து பூசினேன். ஒரே விரலால் சக்கரம் சுற்றியது. வாசனைதான் கொஞ்சம் தாராளம். லாஞ்ச் புறப்பட்டால் காக்காய்களும் கூடவே புறப்பட்டன.

தினமும் எங்கள் லாஞ்சில் போய்வருகிற ஆபீஸர் ஒருவர் உண்டு. தமிழர்கள் நிறையக் குடியிருக்கும் மாட்டுங்காக்காரர், சுத்த சைவம். நெற்றியில் விபூதி, மடிப்புக் கலையாத கோட்டு. அவர் என்னைக் கூப்பிட்டு, "ஸ்டியரிங் இப்போ சத்தமே போடறதில்லையே, என்ன போட்டீர்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைக்கு மேலே சுற்றுகிற காக்காய்களை நிமிர்ந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார். அவர் எங்கள் கம்பெனிக்கு ஒரு வரி எழுதிப்போட்டால் என் வேலை போயிருக்கும். கையைக் காட்டி என் பேச்சை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வேண்டாம், சொல்லாதேயும். நான் நாளைக்கும் இந்த லாஞ்சிலதான் போயாகணும்."

வலது இடது

இதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. வடம் நைந்துபோனதால் முழுவதையும் புதிதாக மாற்றினேன். சக்கரம் பூப்போலத் திரும்பியது. அந்தச் சந்தோஷத்தில், பின்னால் போய்ச் சுக்கான் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க மறந்தேன். இரண்டு வடத்தின் முனைகளையும் பக்கம் மாற்றிக் கட்டியிருந்தேன்.

லாஞ்ச் நிறைய ஜனம். பாண்டு தாண்டேல் ஓட்டினார். படகு ஓட்டுகிறவரை அங்கே தாண்டேல் என்றுதான் சொல்வார்கள். கரையை விட்டு விலக அவர் வலது பக்கம் சுற்ற, படகு இடது பக்கம், படிக்கட்டை ஒட்டிக் கூடையோடு ஆட்கள் உட்கார்ந்திருந்த சின்னத் தோணியைப் பார்த்துப் போயிற்று. நான் கரையில் நின்றுகொண்டு கத்தினேன். கத்தியது தமிழில். ஒருவருக்கும் புரியவில்லை. பாண்டு தாண்டேல் ஒரு மூச்சு நேரம்தான் திகைத்தார். மணியடித்து இன்ஜின் ஆளைப் பின்னால் ஓட்டச் சொன்னார், சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுழற்றினார். லாஞ்ச் தோணியை உரசாமல் ஒரு முழம் தள்ளி நின்றது.

கரையிலிருந்த எங்கள் கம்பெனி மேலதிகாரி ஓடிவந்தார். "தண்ணி இழுத்திருச்சு சாப். அரை மணி நேரம் குடுங்க, கயிறைப் பாத்துட்டுக் கிளம்பறோம்" என்று தாண்டேல் இந்தியில் சொல்லி அனுப்பிவிட்டார். முனைகளை மாற்றிக் கட்டினேன். அவர் சக்கரத்தைச் சுற்ற, நான் பின்னால் குனிந்து நின்று பக்கத்தைச் சொன்னேன். நாலு தடவை சரி பார்த்தோம். திட்டுக்குக் காத்து நின்றேன். அவர் என் தோளில் தட்டிவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "அரே அண்ணா, சோறு திங்கிற கை எதுன்னு தெரியுமில்ல? சக்கரத்தை அந்தப் பக்கம் சுத்தினா படகும் அந்தப் பக்கம் போகணும், அவ்வளவுதான்."

எண்ணெய்க் குப்பி

ஒரு மழைக்காலக் காலையில் அக்கரையிலிருந்து திரும்பும்போது, பிரசவ வலி கண்ட ஒரு கோளி மீனவப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்றினார்கள். கூட அவள் தாயார். நடுவழியில் சக்கரம் அசையவில்லை. பாண்டு தாண்டேலும் இன்னொருவரும் சேர்ந்து இழுத்தும் பலனில்லை. படகு அலைக்குக் குறுக்கே திரும்பி ஆட ஆரம்பித்தது. அந்தப் பெண்ணின் முனகலைக் கேட்டுக்கொண்டே வடத்தைத் தடவிப் போனேன். கடைசிக் கப்பி உப்பேறி அச்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் தட்டினேன், அசையவில்லை. எண்ணெய் டப்பாவைப் பார்த்தால் உள்ளே மழைத் தண்ணீர்.

தாயார் தன் மூட்டையை அவிழ்த்து, மகள் தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெய்க் குப்பியை என் கையில் திணித்தாள். முழுதும் ஊற்றினேன். தட்டினேன், அசைத்தேன், மறுபடி தட்டினேன். கப்பி முனகிக்கொண்டே திரும்பியது. கரைக்கு வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது என்று மறுநாள் தெரிந்தது. அன்று ராத்திரி வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பத்து நாள் கழித்து மூவரும் ஊர் திரும்ப எங்கள் லாஞ்சுக்கே வந்தார்கள். தாயார் நேராக என்னிடம் வந்து, கேட்காமலே குழந்தையை என் அழுக்குக் கையில் கொடுத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் மராத்தியில் கேட்டாள்: "அதெல்லாம் இருக்கட்டும், என் குப்பி எங்கே?"

இத்தனைக்கும் பிறகு துறைமுகத்தில் எனக்கு நல்ல மெக்கானிக் என்று பெயர் வந்தது என்றால், அதில் என் பங்கு, அந்தப் பெயரை யாரும் சொல்லும்போது குறுக்கே பேசாமல் இருந்தது மட்டும்தான்.