பாவாடைப் பையில் ஐந்து கற்கள்

துணி துவைக்கும் மெஷின் கடகடவென்று இரைந்தது. நிறுத்திப் பார்த்தால், மகளின் பாவாடைப் பையில் ஐந்து கற்கள்.

"குப்பைல போடு. போனக் குடுத்து உக்கார வை, பேசாம கெடப்பா" என்றார் கணவர்.

எனக்கு அப்பாவின் குரல் கேட்டது.

அரியலூர் பக்கம் எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல் குழியில், மழை விட்டதும் கல்லாய்ப் போன கிளிஞ்சல்கள் வெளியே தெரியும். ஐந்து கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் சொட்டாங்கல் ஆட அவைதான் வாகு. மேலே உள்ள வரிகள் விரலில் பிடித்து நிற்கும். முழங்கால் வரை வெள்ளைச் சேறோடு பொறுக்குவேன். வேலை முடிந்து வரும் அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவற்றை எட்டி உதைப்பார்.

"பொட்டப்புள்ளைக்குக் குழியில என்னடி வேல?"

ஒரு நாள் எல்லாவற்றையும் அள்ளிக் கிணற்றில் போட்டார். மறுநாளே வேறு பொறுக்கினேன். செத்துப்போன மனிதரைப் பற்றி நல்லதாகத்தான் எழுத வேண்டுமாம். எனக்கு வரவில்லை.

இப்போது, பெரம்பலூர் வீட்டில், மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கற்களை அவள் கையிலேயே கொடுத்தேன்.

"மெஷின் ஒடஞ்சா யாரு பாக்கறது?" என்றார் கணவர்.

"ஒடையட்டும். இனிமே இவ கைல போனக் குடுத்தீங்க, அதையும் உள்ள போட்டு சுத்த விட்டுருவேன்" என்றேன். மகளிடம் திரும்பினேன். "நீ கீழ எறங்கிப் போயி வெளையாடுடி. அழுக்காவாம திரும்பி வந்தா அடி விழும்."